கிணறு விட்டு அடுக்கியது

பிப்ரவரி 6, வியாழன்

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் சரி, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். இந்த வரியோடு மூடிவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் தனியாகப் படித்துவிட்டுத் தொட்டித் தண்ணீரில் போட்டுவிடுங்கள். மைப் பேனாவில்தான் எழுதுகிறேன். கரைந்துவிடும்.

என் பெயர் கிருபா. பதினொன்றாம் வகுப்பு. ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தேங்காய் நார்த்தூள் களம் இருக்கிறது. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்துகிறார்கள். எங்கள் வீடு களத்துக்குள்ளேயே இருக்கிறது. பெரியப்பா வீடு ஊருக்குள்.

நேற்று என் அக்கா சிந்துஜாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார்தான் எங்கள் தூளை வாங்கிக் கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். பெரியப்பா பார்த்த இடம். தட்டு மாற்றுகிற நேரத்தில் பெண்ணைக் கூட்டிவரச் சொன்னார்கள். அறையில் சேலை மட்டும் மடித்து வைத்திருந்தது.

பெரியப்பா என்னை மட்டும் தனியே கூப்பிட்டார்.

"எவன் கூடப் போனா?"

"தெரியலீங் பெரியப்பா."

"பேரை மட்டும் சொல்லு சாமி. உன்னைய ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"எனக்குத் தெரியாதுங்."

ஒன்றும் பண்ண மாட்டேன் என்று அவர் சொன்னபோதுதான் பயம் வந்தது. அவருடைய மச்சான்மார்கள் பொள்ளாச்சி, உடுமலை பஸ் ஸ்டாண்டுகளில் நிற்கிறார்கள். அவள் எந்த நாளில் கிடைத்தாலும் அதே நாளில் கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிடுவதாக மாப்பிள்ளை வீட்டுக்குப் பெரியப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

தூளைப் பற்றி எழுதினால் கை நடுங்காமல் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். தேங்காய் மட்டையில் நாரை எடுத்தபின் மிஞ்சுகிற தூள்தான் எங்கள் பிழைப்பு. புதுத் தூளில் உப்பு அதிகம். அப்படியே செடி வைத்தால் வேர் கருகும். அதனால் தொட்டியில் கொட்டி, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அடியில் திறந்துவிடுவோம். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் ஓடும். கடைசித் தண்ணீரில் முகம் தெரிய வேண்டும். பிறகு வெயிலில் பரப்பி, சலித்து, இயந்திரத்தில் அழுத்தினால் செங்கல் போலக் கட்டியாகிவிடும். அந்தக் கட்டியை யாரோ எங்கோ ஒரு தேசத்தில் தண்ணீரில் போடுவார்கள். அது தூக்கம் கலைவதுபோல் மெல்ல உப்பி ஒரு மெத்தை அளவுக்கு வரும். சின்ன வயதில் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போயிருக்கிறேன்.

இன்றைக்கு என் நெஞ்சு அழுத்திய கட்டி மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

அம்மா டப்பாவில் ஏழு இட்லி வைத்திருந்தாள். நான் மூன்றுக்குமேல் தின்றதில்லை என்று அவளுக்குத் தெரியும். கவலையில் எண்ணிக்கை மறந்துவிட்டது போல. நல்லதாயிற்று.

பிப்ரவரி 8, சனி

எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அக்கா எங்கும் போகவில்லை. எங்கள் கோடவுனில்தான் இருக்கிறாள்.

எப்படி என்று சொல்ல அடுக்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டிகளைச் சுவரில் ஒட்டாமல், தரையில் படாமல், மரப்பலகைமேல் அடுக்க வேண்டும். ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். மற்ற களங்களில் நெருக்கி அடுக்கித் தார்ப்பாய் போட்டுவிடுவார்கள். எங்கள் அப்பா மட்டும் நடுவில் கிணறு மாதிரி ஓர் இடம் விட்டு, சுற்றிலும் கட்டிகளை ஆள் உயரத்துக்குமேல் எழுப்புவார். காற்று உள்ளே இறங்கி ஏற வேண்டுமாம். இடத்தை வீணாக்குகிறான் என்று பெரியப்பா திட்டுவார். பின்பக்கம் கீழ் வரிசையில் சில கட்டிகளை உருவினால் தவழ்ந்து உள்ளே போகலாம். அந்த வழி எனக்கும் அக்காவுக்கும் சின்னதிலிருந்தே தெரியும்.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்திருக்கிறாள். கணுக்கால் பிசகிவிட்டது. ரோடு வரைக்கும்கூட நடக்க முடியவில்லை. பூட்டிய பின்கேட்டின் அடியில் ஊர்ந்து திரும்பி வந்து கிணற்றுக்குள் புகுந்துகொண்டாள். நிச்சயத்துக்கு வந்த கூட்டம் முழுக்க வாசல் பக்கம் இருந்ததால் தப்பித்தாள். வியாழக்கிழமை காலையில் கட்டிகளுக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. பின்பக்கக் கட்டிகளை உருவிப் பார்த்தேன்.

இன்று மதியம் போனேன். கூரையில் ஒரு கண்ணாடித் தகடு உண்டு. அதன் வெளிச்சம் நேராகக் கிணற்றுக்குள் விழுந்தது. தூள் அதில் மிதந்து மிதந்து இறங்கியது. அக்காவின் முடி, இமை, உதடு எல்லாம் ஒரே பழுப்பு. ஒரு நிமிஷம் அவளே தூளால் செய்த பொம்மையோ என்று தோன்றிவிட்டது. அப்புறம் பொம்மை சிரித்தது.

"கால் எப்பிடிக்கா இருக்குது?"

"பூசணிக்கா மாதிரி. தொட்டுப் பாக்கறியா?"

"மாப்பிள்ளை புடிக்கலியா?"

"அந்த ஆளு நல்ல ஆளுதாண்டி. ஜிலேபி தின்னா விரலைக்கூட நக்காது. எனக்கு வேலைக்குப் போகோணும். அவ்வளவுதான்."

"எல்லாரும் எவன் கூடப் போனான்னு கேக்கறாங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருமல் வந்தது. நான் அவள் முகத்தை என் பாவாடையில் அழுத்திக்கொண்டேன்.

ஓசூரில் ஒரு பெரிய நாற்றுப் பண்ணையில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. பதினேழாம் தேதி சேர வேண்டும். சேர்ந்து கையெழுத்துப் போட்டால் விடுதி உண்டு. வாட்ச்மேனைத் தாண்டி யாரும் உள்ளே வர முடியாதாம். "அங்கயும் இதே தூள்தான் கிருபா. இங்க அழுத்தறோம், அங்க பிரிக்கறாங்க" என்றாள். கால் நடக்கிற மாதிரி ஆகும்வரை அவள் கிணற்றில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் வழி.

அவள் மடியில் படுத்துக் கொஞ்சம் தூங்கிவிட்டேன். களம் முழுக்கத் தண்ணீர் நிற்பதாகவும், நாங்கள் இருவரும் அடியில் கண் திறந்து கிடப்பதாகவும், மேலே யாரோ மரப்பலகையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போவதாகவும் கனவு. பயமாக இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் பெரியப்பா வந்தார். அப்பா களத்தில் தூளைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் காப்பி கொண்டுபோனேன்.

"ஆறுச்சாமி, சம்மந்தி வீட்ல போன் பண்ணுனாங்க. புதன்கிழமை கண்டெய்னர் வருது. கோடவுன்ல இருக்கற லாட்டு மொத்தமும் ஏத்தோணும்."

"இப்பவேங்ளாண்ணா?"

"பொண்ணைத்தான் சொன்ன நேரத்துக்குக் காட்ட முடியல. லோடாவது சொன்ன நேரத்துக்குப் போகட்டும். மானம் கொஞ்சமாச்சும் மிஞ்சும்."

அப்பா பலகையை இழுத்துக்கொண்டு களத்தின் அந்தக் கோடிவரை போய்விட்டார். அக்கா போனதிலிருந்து அப்பா கோடவுன் பக்கமே வருவதில்லை. சாவியைக்கூட என்னிடம் கொடுத்துவிட்டார். துக்கம் அவரை அப்படி ஆக்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை ஏற்றினால் கிணறு இருக்காது.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டேன். வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. எழுந்து நின்று பார்த்தாள். கட்டிகளைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிப்ரவரி 10, திங்கள்

நான் இன்று ஒரு காரியம் செய்தேன்.

லோடு ஏற்றுமுன் ஒவ்வொரு லாட்டிலும் உப்பு பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் பார்ப்பேன். கட்டியில் ஒரு துண்டை உடைத்துச் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, உப்பின் அளவைக் காட்டுகிற ஈசி மீட்டரை முக்க வேண்டும். பேனா மாதிரி இருக்கும். எண் அரைக்குள் இருந்தால் லாட்டு தேறும். தாண்டினால் வாங்குகிறவர்கள் எடுக்க மாட்டார்கள்.

அடுக்களையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து ஜாமெட்ரி பாக்ஸில் கொண்டுவந்திருந்தேன். மூன்று டம்ளரிலும் போட்டேன். கரைவதற்குள் அப்பா வந்துவிடுவாரோ என்று விரலாலேயே கலக்கினேன். எண் இரண்டைத் தாண்டி நின்றது.

"அப்பா, லாட்டு தேறலீங்."

அப்பா வந்து பார்த்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மீட்டரைவிட நாக்கை நம்புவார். கழுவுகிற தண்ணீரை விரலில் தொட்டுச் சப்பிப் பார்த்தே இன்னும் எத்தனை தண்ணீர் விட வேண்டும் என்று சொல்வார். தூளின் உப்பு துவர்ப்பும் கசப்புமாக இருக்குமாம். இப்போதும் டம்ளரில் விரல் விட்டுச் சப்பினார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு மற்ற இரண்டு டம்ளரையும் கொட்டிக் கழுவி வைத்தார்.

"ஆமா. உப்புத்தான்" என்றார்.

அப்பா நாக்கே ஏமாந்துவிட்டது! தப்பித்தேன். உடனே பெரியப்பாவுக்குப் போன் பண்ணினார். "கண்டெய்னரைத் தள்ளிப் போடச் சொல்லுங்ண்ணா. லாட்டு ஃபெயிலு."

இரவு எனக்கு இரண்டு தோசை அதிகம் போட்டாள் அம்மா. ஒன்றைத் தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நான் எவ்வளவு பெரிய முட்டாள்!

தேறாத லாட்டை அடுக்கிலேயே விட்டுவைப்பார்களா? உடைத்து, ஊறவைத்து, திரும்பக் கழுவ வேண்டும். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். பயத்தில் அது மட்டும் மறந்துபோயிற்று. தேறியிருந்தால் புதன்கிழமை சாயங்காலம் வரை அடுக்கு இருந்திருக்கும். என் சிட்டிகை உப்பு இன்றைக்கே அதைப் பிரிக்க வைத்துவிட்டது.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது முன்வரிசை இல்லை. பெரியப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் கட்டிகளைத் தூக்கித் தொட்டிக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் களத்தில் பெண்கள் எல்லோரும் சேலைமேல் ஆம்பிளைச் சட்டை போட்டு, தூள் மூக்கில் ஏறாமல் துண்டால் முகத்தைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். கண் மட்டும்தான் தெரியும். யார் யாரென்று குரலை வைத்துத்தான் சொல்ல முடியும். வேலாத்தா அக்காவின் குரல் மட்டும் களத்தின் கோடிவரை கேட்கும்.

"ஏனுங் முதலாளி, பொழுதுக்கும் உக்காந்து எங்களையே பாக்கறீங்களே. கண்ணு வலிக்காதுங்ளா?"

"பேசாம வேலையப் பாரு. இன்னிக்கே மொத்தமும் பிரிச்சாகோணும்."

"தொட்டி நம்ம வகுறு மாதிரிங். கொள்ளற அளவுதான் கொள்ளும். மிச்சத்த உங்க தலையிலயா ஊறப் போடறது?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவுக்கே உதடு கொஞ்சம் கோணியது. தொட்டிகள் உண்மையிலேயே நிறைந்துவிட்டன. கட்டிகள் தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உப்பி, விளிம்பைத் தாண்டி எழும்பின. அடுக்கில் இன்னும் இரண்டே வரிசை. அதற்குப் பின்னால் அக்கா.

இருமல் கேட்டது. கட்டிகளுக்குள்ளிருந்துதான். பெரியப்பா தலையைத் திருப்பினார்.

வேலாத்தா அக்கா உடனே இருமினார். பக்கத்தில் நின்ற பெண்ணும் இருமினாள். வரிசையாக எல்லோரும் இருமினார்கள். "இந்தத் தூளு எங்களக் கொல்லாம விடாதுங் முதலாளி. வெல்லமாச்சும் வாங்கிக் குடுங்" என்றார் வேலாத்தா அக்கா. இன்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது என் அதிர்ஷ்டம்.

சாப்பிடும்போது அப்பா சோற்றைப் பார்த்தபடியே சொன்னார். "நாளைக்குப் பொழுது சாய ஓசூருக்கு ஒரு லோடு போகுது. சலிச்ச தூளு, மூட்டையில. குணசேகரன்தான் டிரைவரு. சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வர்றான். அவுங்க அம்மா வீடு அந்தப் பக்கமாமா."

"ஓசூருங்ளாப்பா?"

"ஆமா. திடீர்னு ஆர்டர் வந்துச்சு."

அம்மா மோர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். என் தட்டு வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

சாமி இருக்கிறது என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரி 12, புதன்

அக்கா போய்விட்டாள்.

மெதுவாக எழுத முயற்சி செய்கிறேன்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தேன். இரண்டு வரிசையும் அப்படியே இருந்தன. நேற்று ஊறியதைக் கழுவி இறக்கவே இன்றைய பொழுது போய்விட்டதாம். கோடவுன் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பழைய சட்டை, ஒரு துண்டு, அம்மாவின் நைந்த சேலை ஒன்று தொங்கின. அம்மா கொடுத்ததை யாரோ வேலைக்காரப் பெண் விட்டுப்போயிருக்க வேண்டும். கிணற்றுக்குள் கொண்டுபோய் அக்காவுக்குக் கட்டிவிட்டேன். துண்டால் முகத்தைச் சுற்றினேன். கண் மட்டும் மிஞ்சியது. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். பெரியப்பாவுக்கும் தெரியுமே என்று துண்டை நெற்றியில் இன்னும் கீழே இழுத்துவிட்டேன்.

"குனிஞ்சே நடக்கா. நிமிராத."

"மூட்டையத் தூக்குனா குனிஞ்சுதாண்டி ஆகோணும்" என்றாள்.

லாரி பின்கேட்டில் நின்றது. வெயில் சாய்ந்து, சலிக்கிற இயந்திரத்திலிருந்து எழும்பிய தூளில் களமே பொன்னிறப் புகைக்குள் இருந்தது. ஆட்கள் புகைக்குள்ளிருந்து வந்தார்கள், புகைக்குள் போனார்கள். பெண்கள் தலையில் மூட்டையோடு ஒருவர் பின் ஒருவராக. அந்த வரிசையின் நடுவில் அக்கா. பெரியப்பாவின் நாற்காலி வழியில்தான் கிடந்தது.

அவருக்கு முன்னால் வரும்போது அவள் கால் மடங்கியது. மூட்டை சரிந்தது.

"ஏய் நொண்டி!" வேலாத்தா அக்கா பின்னாலிருந்து கத்தினார். "நேத்து வந்தவளுக்கு நடக்கத் தெரியுதா பாரு! முதலாளி மேல போட்டுறாத, அப்பறம் அவருக்கும் சேத்து நாந்தான் எண்ண தேக்கோணும்!" ஒரு கையால் அக்காவின் மூட்டையைத் தாங்கித் தள்ளிக்கொண்டே போனார். பெரியப்பா காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "புதுசா ஆளு புடிக்கறப்ப பாத்துப் புடிங்கடி" என்றார்.

அப்பா தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஏற்கெனவே தேய்த்த தொட்டியைத்தான் திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

மூட்டை லாரியில் ஏறியது. டிரைவரின் மனைவி கேபினிலிருந்து கை நீட்டினாள். கதவு சாத்தியது. லாரி மெல்ல நகர்ந்து, தூளுக்குள் கலந்து, சத்தம் மட்டுமாகி, பிறகு அதுவும் இல்லை. எல்லாம் யாரோ எப்போதோ சொன்ன கனவு மாதிரி இருந்தது. வரிசையில் திரும்பி வந்த பெண்களில் ஒருத்தி குறைவு என்று யாரும் எண்ணவில்லை.

நான் சந்தோஷத்தில் கிணற்றைக் காலி பண்ண மறந்துவிட்டேன். அங்கே ஜமுக்காளம், தண்ணீர்ச் சொம்பு, மஞ்சள் கரைத்த கிண்ணம் எல்லாம் கிடந்தன.

நாளைக்கு எவ்வளவு வேலை மிச்சம் என்று பார்க்கப் பெரியப்பா அடுக்கின் மேல் ஏறினார். குனிந்து உள்ளே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அது எம்படதுங்" என்று வேலாத்தா அக்கா சொன்னார். "மத்தியானம் சித்த கண்ணசருவேன். கூலியில புடிச்சுக்குங்."

பெரியப்பா கத்தவில்லை. இறங்கினார். "ஆறுச்சாமி, கோயிலுக்கு வா" என்றார்.

எங்கள் ஊரில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினால் அதற்குமேல் யாரும் கேட்கக் கூடாது. பொய்ச் சத்தியம் பண்ணினவன் கண் போய்விடும் என்பார்கள். அப்பா இதுவரை பொய்ச் சத்தியம் பண்ணியதில்லை. நானும் அம்மாவும் பின்னால் போனோம். மாகாளியம்மன் முன்னால் பெரியப்பா கற்பூரத்தை ஏற்றினார்.

"சிந்து போன பின்னால அவளை நீ கண்ணுல பாத்தியா?"

"இல்லீங்ண்ணா. ஒரு தரங்கூடப் பாக்கல."

அப்பா உள்ளங்கையை வைத்து அணைத்தார். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

அது பொய் இல்லை. அப்பா கோடவுனுக்குள் வரவே இல்லை. லாரி போகும்போதுகூடத் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்று அந்தக் கற்பூரப் புகையில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என் தோளில் கை வைத்தாள். நான் மட்டும்தான் ஒளித்துவைத்திருக்கிறேன் என்று இத்தனை நாளும் பயந்து செத்திருக்கிறேன்.

பெரியப்பா என்னைப் பார்த்துத் திரும்பினார். "சின்னதும் அணைக்கோணும்."

"கொழந்தைங் மாமா. வீட்டுக்குத் தூரமா இருக்கறா. இன்னிக்கு சன்னதி ஏறக் கூடாது" என்றாள் அம்மா. அது பொய். அம்மன் முன்னாலேயே சொன்னாள்.

"அப்ப எங்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அவ பெரியம்மா கூட இருக்கட்டும். மூணு நாள் ஆனதும் நானே கூட்டிட்டு வந்து அணைக்க வெக்கறேன்."

காலையில் அனுப்புகிறேன் என்று அப்பா கெஞ்சிக் கூட்டிவந்தார்.

திங்கட்கிழமைவரை நான் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். ஓசூர் என்று ஒரு சொல் விழுந்தால் பெரியப்பா சூரியன் உதிக்குமுன் அங்கே இருப்பார். அப்பா ஒன்றையும் பார்க்காமல் இருந்தார், அதனால் அவர் கை நடுங்கவில்லை. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். தூள் படிந்த அவள் இமையைக்கூடப் பார்த்தேன். என் கை நடுங்கும்.

நடுங்கட்டும். நடுங்குகிற கையாலும் கற்பூரம் அணையும். பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். அம்மன் கேட்டால் அம்மனிடம் நானே தனியாகச் சொல்லிக்கொள்கிறேன். அவள் பெண்தானே. கண் போனால், அக்கா லாரியில் ஏறினதைப் பார்த்த கண் என்று நினைத்துக்கொள்—

யாரோ வாசல் கதவைத் தட்டுகிறார்கள். விடியவில்லை, இன்னும் ராத்திரிதான். அப்பா எழுந்து போகிற சத்தம். பெரியப்பாவின் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும், அது கூடத்துக்குள் வந்துவிட்டது. இப்போது என் கதவை